சென்னை வீட்டில் ஒரு பவளத் தொட்டி: முதலில் சில்லர், அப்புறம் விளக்கு

கடல் நீர்த் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் விளக்கைப் பற்றித்தான். எந்த எல்இடி, எத்தனை வாட், நீல ஒளி எவ்வளவு வேண்டும் என்று. சென்னையில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்றால், விளக்கைப் பிறகு பார்க்கலாம். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லருக்குப் பணம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆறேழு வருடமாக ஹாலில் ஒரு பவளத் தொட்டியை நடத்தி வருகிறேன். இத்தனை நாளில் வெளிச்சம் போதாமல் எனக்கு ஒரு சிக்கலும் வந்ததில்லை. வந்ததெல்லாம் சூடு, உப்பு, கரண்ட் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று நிலை மாறியபோதுதான்.

தொட்டி பெரிதில்லை. மூன்றடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கணக்குப் போட்டால் 190 லிட்டர் வரும். ஸ்டாண்டுக்குள் இரண்டடியில் சம்ப் என்னும் இன்னொரு சின்னத் தொட்டி; அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், பம்ப், தண்ணீர் நிரப்பும் சென்சார் எல்லாம் அதற்குள். தண்ணீர், கல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்தால் எடை முந்நூறு கிலோவைத் தாண்டும். அடுக்குமாடி வீட்டில் அறையின் நடுவில் வைக்காமல் பீம் ஓடும் சுவரை ஒட்டி வைத்தேன். இதைவிடச் சிறிய தொட்டியில் ஆரம்பிப்பது சுலபம் என்று நினைப்பார்கள். தண்ணீர் குறையக் குறைய ஒவ்வொரு மாற்றமும் வேகமாக நடக்கும் என்பதால், சிறிய தொட்டிதான் கஷ்டம்.

சூட்டுக்கு வருவோம். பவளத் தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி வரை நல்லது. கத்திரி வெயில் காலத்தில் எங்கள் ஹால் மதியம் 34 டிகிரிக்குப் போகும். பம்பும் விளக்கும் தங்கள் பங்குக்குச் சூடேற்றும். ஆக எட்டு டிகிரிக்குக் குறையாமல் இறக்க வேண்டியிருக்கிறது. தொட்டி மேல் சின்ன ஃபேன் மாட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஃபேன் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர வைக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகமாக இருக்கும் சென்னையில் அது பாதி வேலைதான் செய்யும். கோயம்புத்தூர் மாதிரி வறண்ட காற்று உள்ள ஊரில் கூடுதலாகப் பலன் தரலாம். என்னிடம் இருப்பது ஹாய்லியா கம்பெனியின் கால் ஹெச்பி சில்லர். இந்த அளவு தொட்டிக்கு இதைவிடச் சின்னதே போதும் என்று கடையில் சொன்னார்கள். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கில், அறை எவ்வளவு சூடாக இருக்கும் என்பது வராது. சின்ன சில்லர் மே மாதத்தில் நிற்காமல் ஓடும். பெரியது ஓடி, நின்று, ஓய்வெடுக்கும். அதனால்தான் பெரியதை வாங்கினேன், இன்றுவரை அது நன்றாகவே உழைக்கிறது.

சில்லரை அழகுக்காக ஸ்டாண்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அது வெளியே தள்ள வேண்டும். மூடிய அலமாரிக்குள் வைத்தால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும். என்னுடையது பால்கனிக் கதவோரம் இருக்கிறது, குழாய் மட்டும் தொட்டிக்கு வருகிறது. இருபுறமும் உள்ள தூசி வலையை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவினால் கரண்ட் செலவிலேயே வித்தியாசம் தெரியும்.

சூடு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? பவளத்தின் நிறமும் சாப்பாடும் அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசியிலிருந்து வருகின்றன. தண்ணீர் தாங்கும் அளவைத் தாண்டிச் சுட்டால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். அப்புறம் வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இதுதான் நடந்தது. அவ்வளவு பெரிய கடலே கோடையில் ஒன்றிரண்டு டிகிரி கூடினால் தாங்க முடியாமல் போகிறது. 190 லிட்டர் எம்மாத்திரம்? போதாததற்கு, சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகத்தான் கரையும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் போர் தண்ணீர், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் ஆயிரத்தைத் தாண்டும். சமையலறை ஆர்ஓ தண்ணீரை அப்படியே ஊற்றலாமா என்றால், கூடாது. அதில் சுவைக்காகக் கொஞ்சம் தாதுவை விட்டுவைத்திருப்பார்கள், பாசி வளர அது போதும். ஆர்ஓவுக்குப் பின், மிச்சத் தாதுவையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குடுவையைச் சேர்த்தால்தான் மீட்டர் பூஜ்யம் காட்டும். பூஜ்யம் ஒன்றாகும் நாளில் ரெசினை மாற்றிவிடுவேன்.

“கடல்தான் பக்கத்திலேயே இருக்கே, ரெண்டு கேன் எடுத்துட்டு வந்தா போதாதா?” என்று வீட்டுக்கு வரும் உறவினர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத் தண்ணீரை நான் தொட்டியில் விட மாட்டேன். வடகிழக்குப் பருவமழையில் கரையோரக் கடலின் உப்பும் இறங்கிவிடும். அதனால் ஞாயிறுதோறும் 20 லிட்டர் டிஐ தண்ணீரில் முக்கால் கிலோ கடல் உப்புக் கலவையைப் போட்டு, சின்ன பம்ப் ஒன்றை இரவு முழுக்க ஓடவிட்டு, மறுநாள் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து ஊற்றுகிறேன். லிட்டருக்கு 35 கிராம் உப்புக் காட்ட வேண்டும். கருவியைச் சரிபார்க்க 35 கிராம் அளவிலேயே செய்து விற்கும் கரைசலைப் பயன்படுத்துங்கள். நல்ல தண்ணீரில் பூஜ்யம் காட்டும் கருவி, உப்பு நீரில் இரண்டு மூன்று கிராம் தள்ளிக் காட்டலாம். ஊசி ஆடும் பிளாஸ்டிக் மீட்டர் வேண்டவே வேண்டாம். ஊசியில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினால் கணக்கு போய்விடும்.

தினமும் ஆவியாகும் தண்ணீருக்கு உப்புத் தண்ணீரை ஊற்றக்கூடாது என்பதைப் புதிதாக வைக்கிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். எங்கள் தொட்டியில் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் போகிறது. மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 35 என்பது 36ஐத் தாண்டிவிடும். சம்ப்பில் உள்ள சென்சார், மட்டம் ஒரு விரற்கடை இறங்கியதுமே டிஐ தண்ணீரைத் தானாக நிரப்புகிறது. சில்லருக்கு அடுத்து நான் செலவழித்ததில் உருப்படியானது இதுதான்.

ஆரம்ப மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா கல்லில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அப்புறம் பழுப்புப் படலம் வரும், அது போனால் பச்சை இழைப்பாசி வரும். அந்தக் கட்டத்தில் மருந்து ஊற்றாமல் நத்தைகளை விட்டு, கையால் பிடுங்கி, வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினால் போதும். கல்லின் மேல் ஊதாத் திட்டுகள் படர ஆரம்பித்தால் தொட்டி நிலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

பவளம் வாங்கும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாமே இந்தியாவில் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம் ஆகியவையும் அதே பட்டியல்தான். கடல்குதிரைக்கும் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி தேசியப் பூங்கா. அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. “லைவ் ராக்” என்று கடலிலிருந்து பெயர்த்த கல்லை யாராவது நீட்டினால் தொடாதீர்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. ஒரு கல்லில் பவளம் படர எத்தனை வருடம் ஆகிறது என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு, அதைக் கடப்பாரையால் பெயர்ப்பதை நினைத்தாலே வயிறு எரியும். என் தொட்டியில் இருப்பது பீங்கான் கல்லும் காய்ந்த கல்லும்தான். பவளத்தில் லெதர், காளான், சோவாந்தஸ் என்று மென்மையான வகைகள் மட்டும். எல்லாம் நண்பர்களின் தொட்டியில் வளர்ந்ததை வெட்டிக் கொடுத்தவை.

இதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடினப் பவளம் எலும்புக்கூடு கட்ட கால்சியத்தையும் காரத்தையும் தினமும் இழுக்கும், அவற்றை அளந்து ஊற்ற டோசிங் பம்ப் வேண்டும், விளக்கும் பலமாக வேண்டும். மென்பவளத்துக்கு வாராந்தரத் தண்ணீர் மாற்றமே போதும். சாலிஃபெர்ட் டெஸ்ட் கிட்டில் காரத்தன்மை எட்டுக்கு அருகில் நிற்கிறதா, நைட்ரேட் லிட்டருக்கு ஐந்து பத்து மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பதோடு என் பரிசோதனை முடிந்தது. நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கவும் முயல்வதில்லை, மென்பவளம் கொஞ்சம் சத்துள்ள தண்ணீரில்தான் செழிக்கிறது.

லெதர் பவளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திடீரென்று ஒருநாள் அது தன் இழைகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பு மங்கி, மெழுகு தடவியது போலப் பளபளக்கும். சில நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கும் மேல் அப்படியே கிடக்கும். செத்துவிட்டது என்று பலர் எடுத்துப் போடுவது இந்த நேரத்தில்தான். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய படலம் ஒன்று உரிந்து நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். தன் மேல் படிந்த பாசியையும் அழுக்கையும் அந்தத் தோலோடு சேர்த்துக் கழற்றிவிடுகிறது. தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கரைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பிவிடுங்கள், அது போதும். தோல் போனதும் இழைகள் முன்பைவிட நீளமாக விரியும். சோவாந்தஸைக் கையாளும்போது மட்டும் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் நச்சு இருக்கிறது. சோவாந்தஸ் ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யும் வேலை ஒருபோதும் வேண்டாம், ஆவியே ஆபத்து.

மீன் என்று பார்த்தால் கோமாளி மீன் ஜோடி ஒன்று, ஃபயர்ஃபிஷ் ஒன்று, ஒரு கிளீனர் இறால். இன்னும் விடலாமே என்பார்கள். ப்ளூ டேங் மீன் முழு வளர்ச்சியில் ஓரடி நீளம் வரும், மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. கோமாளி மீனைப் பண்ணையில் பிறந்ததாகவே வாங்குங்கள். மண்டபம், விழிஞ்ஞம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையங்களும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இதன் இனப்பெருக்கத்தில் நெடுங்காலம் வேலை செய்திருக்கின்றன. கடலையே பார்க்காத மீன் தொட்டிச் சாப்பாட்டுக்குச் சீக்கிரம் பழகும், நோயும் குறைவு. கடலில் அது தங்கும் கடல் சாமந்தி தொட்டியில் வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. எங்கள் ஜோடி லெதர் பவளத்தையே வீடாக்கிக்கொண்டது.

இந்த மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் தொடங்கும். ஜோடியில் பெரியதும் அதிகாரம் செய்வதும் பெண்ணாக மாறும். பக்கத்துக் கல்லை இரண்டும் வாயால் சுத்தம் செய்ய ஆரம்பித்தால் முட்டை வரப்போகிறது. முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நாள் போகப் போக ஒவ்வொரு முட்டையிலும் வெள்ளியாக இரண்டு கண் தெரியும். ஆண் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும், கெட்ட முட்டையைப் பொறுக்கி எடுக்கும். அந்த நாட்களில் கையை விட்டால் பெண் வந்து நறுக்கென்று கடிக்கும். ஒரு வாரத்துக்குச் சற்று மேலாகி, விளக்கு அணைந்த பிறகு குஞ்சு பொரிக்கும். அவற்றை வளர்க்க ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிரைத் தனியாக வளர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை.

புது மீன் எதுவானாலும் தனித் தொட்டியில் ஒரு மாதமாவது வைத்துப் பார்த்துத்தான் சேர்க்கிறேன். வெண்புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், மீன்களை எல்லாம் வெளியே எடுத்து, தொட்டியை எழுபது நாட்களுக்கு மேல் மீனில்லாமல் விட வேண்டும். அதற்கான செம்பு மருந்தைப் பவளமும் இறாலும் இருக்கும் தண்ணீரில் ஊற்றவே முடியாது.

கரண்ட் போனால் முதலில் தீர்வது ஆக்சிஜன். கல்லில் உள்ள பாக்டீரியாவும் மூச்சு விடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். இன்வெர்ட்டரில் சில்லரை இணைக்காமல் வேவ் மேக்கரையும், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்பையும் மட்டும் இணைத்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் கரண்ட் வர நாட்களாயின. இன்வெர்ட்டர் சில மணி நேரத்தில் கையை விரித்தது. டிசி வேவ் மேக்கரை 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாகச் சொருகி, பேட்டரி ஏர் பம்பையும் ஓடவிட்டு, இடையிடையே குவளையில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டை முழுக்க நிறுத்தினோம். மழைக்கால அறை குளிர்ச்சியாக இருந்ததால் பிழைத்தது. மே மாதமாக இருந்திருந்தால் இது போதாது. அதனால், கரண்ட் போனால் தொட்டியில் மிதக்கவிட்டுக் குளிரவைக்க, வேனிலுக்கு முன் ஃப்ரீசரில் மூடிய பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்து அடுக்கிவிடுகிறேன்.

இதே டிசி வேவ் மேக்கருக்கு முன்னால் வாங்கிய ஒன்று, வேறொரு கம்பெனியுடையது, ஒரு வருடத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டி உப்புப் பூத்து நின்றது, வாரண்டியும் கிடைக்கவில்லை. தொட்டிக்கு மேலே எந்த மின்பெட்டியையும் வைக்காதீர்கள். ஒயரைச் சுவருக்கு ஏற்றும் முன் கீழே ஒரு வளைவு விட்டு ஏற்றுங்கள், ஒயர் வழியே வழியும் நீர் பிளக்குக்குப் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

செலவில் பயமுறுத்துவது மின்கட்டணம்தான். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். கோடையில் நாங்கள் தாண்டுகிறோம், தவிர்க்க முடியவில்லை. மாதம் மூன்று கிலோ உப்பு, எப்போதாவது ரெசின், டெஸ்ட் கிட், மீன் தீனிக்கு உறைந்த மைசிஸ் இறால் எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு அருகில் வராது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தானியங்கித் தீனிப்பெட்டியை வைப்பதில்லை, ஈரக்காற்றில் தீனி கட்டிப்பட்டுவிடுகிறது. வளர்ந்த மீன்கள் நாலைந்து நாள் சாப்பாடில்லாமல் நன்றாகவே இருக்கும். டிஐ தண்ணீர் டிரம்மை நிரப்பி, ஸ்கிம்மர் கப்பைக் கழுவி வைத்துவிட்டு, சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுக்கிறேன். “அக்கா, மீனுக்கு எதுவும் போடாதீங்க. சில்லர்ல 28க்கு மேல காட்டினாலோ, தண்ணி ஓடுற சத்தம் நின்னாலோ மட்டும் உடனே போன் பண்ணுங்க.” இந்த இரண்டையும் சில்லரின் முகப்பில் பெரிய எழுத்தில் எழுதியும் ஒட்டியிருக்கிறேன்.