சேலம் ஐந்து ரோடு பக்கம் டிஎன்பிஎஸ்சி குரூப் 2 கோச்சிங்: அரசியலமைப்பு வகுப்புக்காகவே சேரலாம்

மாடியில் நடக்கும் சனி, ஞாயிறு வகுப்பு இது. கணக்கு சுமார்தான். ஆனால் அரசியலமைப்பு எடுக்கும் சார் வேற ரகம். அதிகாரப் பிரிவினை (சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் மூன்றின் அதிகாரமும் தனித்தனியாக இருப்பது) என்றால் மற்ற இடங்களில் நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்கச் சொல்லும் சட்டப்பிரிவு 50-ஐ மனப்பாடம் பண்ணச் சொல்லி முடித்துவிடுவார்கள், இவரோ நம்ம ஊர் சென்னை-சேலம் எட்டு வழிச்சாலைத் திட்டத்தை எடுத்துக்கொண்டு, மத்திய அரசின் நிலமெடுப்பு அறிவிப்புகளை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் மாற்றியது என்று படிப்படியாகக் கொண்டுபோகிறார் (அந்த வழியில் சொந்தக்காரர் நிலம் இருக்கிறவர்கள் வகுப்பில் உண்டு, தூக்கம் எங்கே வரும்!). அப்புறம் கேசவானந்த பாரதி வழக்கு: 1973, 13 நீதிபதிகள், 7-க்கு 6 பெரும்பான்மையில் தீர்ப்பு. நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்க முடியாது. அமெரிக்கா மாதிரி கறாரான பிரிவினை இங்கே கிடையாது, அமைச்சர்களே சட்டமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதனால் கேள்வி நேரமும் நம்பிக்கையில்லாத் தீர்மானமும்தான் அவர்களுக்கு முதல் கடிவாளம் என்று அவர் விளக்கிய விதம் பிடித்திருந்தது.

குறை என்றால், அச்சடித்த நோட்ஸ் பழசு, 2015-ல் நீதிபதிகள் நியமன ஆணையம் ரத்தானதே அதில் இல்லை. வண்டி நிறுத்த இடமும் இல்லை. கட்டணத்தை மொத்தமாகக் கேட்பார்கள், பேசிப் பார்த்தால் இரண்டு தவணையாகக் கட்டலாம்.