திருச்சியில் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி: மூன்று மாதம் சென்று வந்த பின்

இருமினாலும் தும்மினாலும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசிந்துவிடும் தொல்லையோடு ஏழு ஆண்டுகளைக் கழித்த நான், மகப்பேறு மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்துடன் திருச்சியில் உள்ள ஓர் இயன்முறை சிகிச்சை நிலையத்தின் பெண்கள் பிரிவுக்கு மூன்று மாதங்கள் சென்று வந்தேன். என் வயது 46, இரண்டும் சுகப்பிரசவம். முதல் சந்திப்புக்கு 800 ரூபாயும் அடுத்த ஐந்து சந்திப்புகளுக்குத் தலா 500 ரூபாயும் வாங்கினார்கள். அந்த 800 ரூபாய்தான் நான் செலவழித்ததிலேயே மிகவும் பயனுள்ள பணம் என்பதால் அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

முதல் சந்திப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. எப்போது, எவ்வளவு குடித்தேன், எத்தனை முறை கழிப்பறைக்குச் சென்றேன், எந்தச் செயலின்போது கசிந்தது என்று மூன்று நாட்களுக்குக் குறித்து வரும்படி முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். சிகிச்சையாளர் ஒரு பெண். இடுப்பெலும்பின் மாதிரி ஒன்றைக் கையில் எடுத்து, முன்னால் உள்ள எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளிபோல விரிந்து சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் எவை என்று காட்டினார். பிறகு, உள்பரிசோதனை எதற்காக, எப்படிச் செய்யப்படும், வேண்டாமென்றால் எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதையெல்லாம் விளக்கி, என் சம்மதத்தைக் கேட்டுப் பெற்ற பின்னரே கதவைத் தாழிட்டார். இத்தனை ஆண்டுகளில் என் உடலைத் தொடுவதற்கு முன் இவ்வளவு பொறுமையாகக் காரணம் சொன்னவர் வேறு யாருமில்லை.

கையுறை அணிந்த விரலால் சோதித்தபடி இறுக்கச் சொன்னார். நான் இரண்டு ஆண்டுகளாகக் காணொளிகளைப் பார்த்துத் தினமும் செய்துவந்ததை அப்படியே செய்து காட்டினேன். “நீங்க மேல இழுக்கலக்கா, கீழ முக்குறீங்க” என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை உள்ளிழுத்து, தொடைகளை இறுக்கி, பலவீனமான தசையை நானே நாள்தோறும் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். இது எனக்கு மட்டும் நேர்ந்த தவறு அன்று. 1991இல் அமெரிக்காவில் 47 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், வாய்மொழியாகச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்த பிறகு சரியாக இறுக்கியவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். நான்கில் ஒருவர் கசிவைக் கூட்டிவிடக்கூடிய முறையில் செய்தார்கள்.

சரியான முறையைப் பிடிக்க எனக்கு இருபது நிமிடங்கள் ஆயின. வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல ஆசனவாயை இறுக்கி, அந்த இறுக்கத்தை அப்படியே முன்னோக்கிக் கொண்டுவந்து சிறுநீரை நிறுத்துவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். மூச்சு இயல்பாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு முழுமையாகத் தளர்த்த வேண்டும். உண்மையில் சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பூஜ்யம் முதல் ஐந்து வரையிலான வலிமை அளவில் எனக்கு இரண்டு. மூன்று விநாடிகள் பிடித்துவைப்பது எட்டு முறை, சட்டென்று இறுக்கித் தளர்த்துவது எட்டு முறை, நாளொன்றுக்கு மூன்று வேளை என்று தொடங்கி, படுத்தும் பிறகு உட்கார்ந்தும் நின்றும் செய்யும்படி படிப்படியாக உயர்த்தினார். சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதலும் ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதங்கள் என்றே கூறுகிறது. இருமல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் தசையை இறுக்கிக்கொள்ளும் உத்தி, பயிற்சி முற்றுப்பெறும் முன்பே எனக்குப் பலன் தந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். திரையில் தசையின் வேலையைக் கோடாகக் காட்டும் பயோஃபீட்பேக் கருவிக்கு ஒவ்வொரு முறையும் தனியாக 600 ரூபாய். சிகிச்சையாளர் வற்புறுத்தவில்லை, வரவேற்பில் இருந்தவர்தான் அது இல்லாமல் பலன் வராது என்பதுபோலப் பேசினார். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அர்னால்ட் கெகல் 1948இல் இப்பயிற்சியை எழுதியபோதே அழுத்தமானி ஒன்றைப் பயன்படுத்தினார் என்பது உண்மைதான். ஆனால் 600 பெண்கள் பங்கேற்று 2020இல் வெளியான ஓபல் ஆய்வில், பயிற்சியோடு பயோஃபீட்பேக் கருவியைச் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கசிவின் தீவிரத்தில் வேறுபாடு காணப்படவில்லை. நான் இரண்டு முறை பயன்படுத்தினேன். கோடு உயர்வதைப் பார்த்தது மகிழ்ச்சியளித்தது, விரல் பரிசோதனை கற்பிக்காத எதையும் அது கற்பிக்கவில்லை. அந்த 1,200 ரூபாயைத் தவிர்த்திருக்கலாம்.

அதைவிட வருத்தம் தந்தது காத்திருக்கும் கூடம். முழங்கால் வலிக்கு வந்த ஆண்களுக்கு நடுவே பெண்களை உட்காரவைத்து, “என்ன பிரச்சினை?” என்று உரக்கக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே திரும்பிப் போகிறவர்கள் இருப்பார்கள். பயிற்சித் தாளும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. நான் கேட்டதற்காகச் சிகிச்சையாளர் அதன் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

இப்பயிற்சி எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது என்பதையும் அங்கேதான் அறிந்தேன். தசை ஏற்கெனவே இறுகிப்போய், தாம்பத்திய உறவில் வலியுள்ள பெண்களுக்கு முதலில் தளர்த்தக் கற்றுக்கொடுக்கிறார்கள். கருப்பை இறக்கத்தின் தொடக்க நிலையில் அடிவயிற்றுப் பாரத்தைப் பயிற்சி குறைக்கும். வெளியே வந்துவிட்ட கருப்பையை மேலே ஏற்றிவிடாது. அப்படி வந்த ஒருவரை அன்றே மருத்துவரிடம் திருப்பி அனுப்பினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

பன்னிரண்டாவது வாரத்தில் என் அளவு நான்காக உயர்ந்திருந்தது. தினமும் கசிந்தது, இப்போது கடுமையான சளிப் பிடித்தால் எப்போதாவது கசிகிறது. பள்ளி மாடிப்படியில் துணி மாற்றும் நினைப்பில்லாமல் ஏறி இறங்குகிறேன். நாளுக்கு ஒரு வேளையாவது தொடரும்படியும், பொங்கல் கழிந்து மறுபரிசோதனைக்கு வரும்படியும் சொல்லியிருக்கிறார், முன்பதிவு செய்துவிட்டேன்.