ரூபாய் ஓய்வூதியத்தில் தாய்லாந்து: தண்டையார்பேட்டையிலிருந்து போய் வந்தவனின் கணக்கு

தாய்லாந்தில் குறைந்த செலவில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கலாம் என்று சொல்லும் கணக்குகளில் பெரும்பாலானவை டாலரிலோ யூரோவிலோ ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் போட்டவை. நான் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து 2019 மே மாதம் ஓய்வு பெற்றவன். ரூபாயில் ஓய்வூதியம் வாங்குகிறவனுக்கு அந்தக் கணக்கு எங்கே ஒத்துப்போகும், எங்கே உதைக்கும் என்பதை, ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்துவிட்டுத் தண்டையார்பேட்டை வீட்டுக்குத் திரும்பிய பிறகு எழுதுகிறேன்.

நாங்கள் புறப்பட்டதற்கு முதல் காரணம் என் மனைவியின் மூச்சிளைப்பு. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகையும், மணலிப் பக்கமிருந்து காற்றில் வரும் நெடியும் அவளை ஆண்டுதோறும் படுக்கையில் தள்ளின. மலையும் மரங்களும் சூழ்ந்த ஊர் என்று நம்பி 2019 அக்டோபரில் வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாயில் வீடு பிடித்தோம். பிப்ரவரி பிறந்ததும் சுற்று வட்டாரத்தில் வயல்தாளையும் காட்டுச் சருகையும் எரிக்கத் தொடங்கினார்கள். நகரம் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருப்பதால் புகை வெளியேற வழியின்றி ஏப்ரல் வரை அங்கேயே தேங்கி நிற்கும். 2020 மார்ச்சில் எங்கள் ஜன்னலுக்கு நேரே இருந்த தோய் சுத்தேப் மலை பல நாட்கள் கண்ணுக்கே தெரியவில்லை. நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் வடக்குத் தாய்லாந்தை நினைத்தால், மார்ச் மாதம் அங்கே தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஊரடங்கு தளர்ந்ததும் பாங்காக்குக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீட்டரில் கடலோரம் உள்ள ஹுவா ஹின்னுக்கு மாறினோம். ஒரு படுக்கையறை கொண்ட அடுக்ககத்துக்குத் தாய்லாந்து நாணயத்தில் மாதம் 9,000 பாத் வாடகை. அங்கேதான் மனைவி முதன்முதலில் இரவு முழுவதும் இருமாமல் தூங்கினாள். எனக்கு அதற்கு மேல் எந்த ஊரிலும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. காசிமேட்டு மீனில் வளர்ந்த எங்களுக்குச் சந்தையில் 'பிளா தூ' கைகொடுத்தது. நம் காணாங்கெளுத்தியின் உறவான அந்த மீனை ஆவியில் வேகவைத்து, சிறிய மூங்கில் கூடையில் அடங்குவதற்காகத் தலையைக் கழுத்தோடு மடக்கி அடுக்கி வைத்திருப்பார்கள். ஏற்கெனவே வெந்த மீன் என்பது தெரியாமல் மனைவி அதைக் குழம்பில் கொதிக்கவிட, மீன் முழுவதும் உதிர்ந்து முள் மட்டும் மிஞ்சியது. பிறகு அடுப்பை அணைத்து இறக்கும் நேரத்தில் மீனைப் போடப் பழகிக்கொண்டாள்.

இனி பணத்துக்கு வருகிறேன். 50 வயது நிறைந்தவர்களுக்கான ஓய்வுக்கால அனுமதிக்கு, மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும், அல்லது தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாத் வைத்திருக்க வேண்டும். அப்போது ஒரு பாத் ஏறத்தாழ 2 ரூபாய் 33 காசு. என் ஓய்வூதியமான 44,000 ரூபாய் 19,000 பாத்துக்குள் அடங்கிவிடும் என்பதால் வருமான வழி எனக்கு அடைபட்டிருந்தது. பணிக்கொடையிலிருந்து 18.5 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பி 8 லட்சம் பாத்தை வங்கியில் வைத்தேன். இந்தத் தொகையை விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்து, அனுமதி கிடைத்து மூன்று மாதம் வரை தொடக்கூடாது. அதன் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கவிடக்கூடாது. வட்டியோ பேருக்குத்தான்.

அதே பணத்தில் 15 லட்சத்தை, அன்றைய உச்சவரம்புப்படி, அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டிருந்தால் 8.6 சதவீத வட்டியில் மாதத்துக்கு 10,750 ரூபாய் வீதம் வந்திருக்கும். ஆகவே நான் கொடுத்த உண்மையான வாடகை 9,000 பாத்தோடு அந்த 10,750 ரூபாயும் சேர்ந்ததே. இந்த இரண்டாவது வாடகையை எந்தச் செலவுப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. போதாக்குறைக்கு 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை மத்திய அரசு அகவிலை உயர்வை நிறுத்தி வைத்திருந்தது. தண்டையார்பேட்டை வீட்டின் கீழ்ப்பகுதி வாடகைதான் எங்களைக் கரையேற்றியது. இன்று பணம் அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொள்ளும். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும் அதுவரை கைப்பணம் முடங்கும்.

90 நாளுக்கு ஒரு முறை குடிநுழைவு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஊருக்கு வந்து திரும்புவதற்கான மறுநுழைவு அனுமதி வாங்காமல் விமானம் ஏறினால், ஆண்டு அனுமதி அந்த நிமிடமே செத்துவிடும். இவையெல்லாம் பழகிவிட்டன. ஓய்வூதியம் தொடர, உயிரோடு இருக்கிறேன் என்று ஆண்டுதோறும் காட்டும் வாழ்நாள் சான்றிதழ்தான் பாடுபடுத்தியது: முதல் ஆண்டு இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிய தாள் வரவில்லை என்று என் வங்கிக் கிளை சொன்னதால் இரண்டு மாத ஓய்வூதியம் நின்றுபோனது. 2021 நவம்பரில் கைப்பேசியில் முகம் காட்டிச் சான்று தரும் வசதி வந்த பிறகே நிம்மதி.

நான் மிகவும் குறைத்து மதிப்பிட்டது மருத்துவத்தை. இங்கே பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் அட்டையைக் காட்டினால் கையிலிருந்து ஒரு ரூபாய் போகாது. அங்கே எடுத்த காப்பீடு, ஏற்கெனவே இருந்த நோய் என்று இளைப்பை ஒதுக்கிவிட்டது. 2022-இல் ஒரு தனியார் மருத்துவமனையில் மனைவி நான்கு நாள் இருந்ததற்கு 1,30,000 பாத் கட்டினேன். ஏழு மாத ஓய்வூதியம் ஒரே வாரத்தில் போனது.

அந்த நாட்களில் ஓர் இரவு மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே அவள் கேட்டாள்: "ஏங்க, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இங்க இருக்க முடியுமா?" என்னிடம் பதில் இல்லை. விசாரித்துப் பார்த்தேன். அவளுடைய அனுமதி என்னைச் சார்ந்தது. நான் போனால் அதுவும் போகும். தொடர்ந்து இருக்க வேண்டுமானால் அவள் பெயரில் தனியாக 8 லட்சம் பாத் வேண்டும். என் பெயரில் உள்ள பணமோ, அந்நாட்டு நீதிமன்றம் சொத்துப் பொறுப்பாளரை நியமிக்கும் வரை வங்கியிலேயே கிடக்கும். மறு மாதமே வழக்கறிஞரிடம் தாய்லாந்து மொழியில் உயில் எழுதினேன். தம்பதியாகப் போகிறவர்கள் வீடு பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2025 ஜூனில் கணக்கை முடித்தபோது பாத்தின் மதிப்பு உயர்ந்திருந்ததால் 8 லட்சம் பாத் 21 லட்சம் ரூபாயாகத் திரும்பியது. கூடுதலாக வந்தது இரண்டரை லட்சம். ஐந்து ஆண்டுகளில் இழந்த அஞ்சலக வட்டி 6 லட்சத்து 45 ஆயிரம். அங்கே அவள் இளைப்புக்கான மருந்தை உறிஞ்சும் இழுப்பானை எடுக்காமல் இருந்த மாதங்களை நான் அந்த இழப்பிலிருந்து கழித்துப் பார்க்க மாட்டேன். இப்போது அந்த இழுப்பான் தலையணைக்குப் பக்கத்தில் மறுபடி வந்துவிட்டது. வீட்டை விற்காமல் போனதால் திரும்பி வர இடம் இருந்தது. மேல்மாடியின் சாலைப் பக்க ஜன்னல்களை அடைத்து, படுக்கையைப் பின்னறைக்கு மாற்றியிருக்கிறோம்.