78,000 ரூபாய் போச்சு: பழைய மேட்ச் ஏர் ரைஃபிள் வாங்குபவர்கள் படித்துவிடுங்கள்

போன சனிக்கிழமை பார்சலைப் பிரித்தேன். இன்று வியாழன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஃபைன்வெர்க்பாவ் 300எஸ். பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டை ஸ்பிரிங் விசையில் காற்றை அழுத்திச் சுடும் ஜெர்மன் போட்டித் துப்பாக்கி. மவுசர் துப்பாக்கிகள் பிறந்த அதே ஓபர்ன்டோர்ஃப் ஊரில் செய்தது. ட்ரிகரை இழுத்ததும் மேல்பாகம் முழுக்கச் சின்னத் தண்டவாளத்தில் பின்னால் வழுக்கும், ஸ்பிரிங்கின் உதைப்பு தோளுக்கே வராது. பத்து மீட்டர் தூரத்து இலக்கில், பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அதை அடிப்பதற்காகச் செய்த வேலைப்பாடு அது. கிளப்பில் ஒரு பெரியவருடையதை ஒரே ஒருமுறை சுட்டுப் பார்த்தேன். எட்டு வருஷமாக அதே நினைப்பு.

பழைய சாமான் விற்கும் ஒரு ஆப்பில், விளையாட்டுப் பொருள் பிரிவில் ஒருவர் இதைப் போட்டிருந்தார். விலை 78,000. வீடியோ காலில் வால்நட் கட்டையை மஞ்சள் துணியால் துடைத்துத் துடைத்துக் காட்டினார். அந்த ரேகையைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. "ஒருதடவை சுட்டுக் காட்டுங்க சார்" என்றேன்.

"பெல்லட் இல்லாம அடிச்சா ஸ்பிரிங், சீல் எல்லாம் போயிடும் தம்பி. கையில பெல்லட் இல்ல. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் சொன்னது சரிதான். ஸ்பிரிங் ரைஃபிளை வெறுமனே சுடக்கூடாது. இவ்வளவு தெரிந்த மனுஷன் ஏமாற்றமாட்டார் என்று நம்பினேன். அங்கேதான் விழுந்தேன். போனை வைத்த கையோடு 78,000 அனுப்பிவிட்டேன்.

வந்ததைச் சுட்டால் மேல்பாகம் அசையவே இல்லை. கழற்றிப் பார்த்தால் தண்டவாளத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்! பேரல் வாயில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு வெட்டு. அந்த முனை ஒரு போட்டோவிலும் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஸ்டாண்டில் வைத்துச் சுட்டும் ஐந்து பெல்லட் ஐந்து திசையில் போகிறது.

கூப்பிட்டேன். "பார்சல்காரன் கீழ போட்டிருப்பான் தம்பி." பார்சல்காரன் பசையுமா போடுவான்? மறுநாள் "வெளியூர்ல இருக்கேன்". அதற்கு மறுநாள் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். ஆப்பில் புகார் கொடுத்தால், துப்பாக்கி மாதிரிப் பொருளுக்கு அனுமதி இல்லை என்று விளம்பரத்தைத் தூக்கிவிட்டார்கள். அதோடு எங்கள் சாட்டும் போய்விட்டது. "இது உங்க ரெண்டு பேருக்குள்ள நடந்தது சார்" என்கிறார் கஸ்டமர் கேர் பெண். 78,000 ரூபாய்! மூன்று வருஷம் சேர்த்த காசு.

என்னென்ன பார்த்து வாங்கவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பெல்லட் போட்டுச் சுடும் வீடியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பேரல் வாய், சீரியல் நம்பர் இரண்டையும் கிட்டத்தில் கேளுங்கள். சாட்டை அன்றன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். முடிந்தால் நேரில் போங்கள். நாளைக் காலை நான் சைபர் கிரைமுக்குப் போகிறேன்.