கையடக்க ஜிபிஎஸ்: விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா?

அவிநாசி நண்பன் கேட்டான்: "வெல எறங்கிப்போச்சுங்கறாங்க, வாங்கிப்போடட்டுமா?" அடுத்த கோடையில் லடாக் பக்கம் ஜான்ஸ்கர் மலைகளுக்கு நடைப்பயணம் போகிறானாம். திரை அளவு, எடையெல்லாம் பெட்டியிலேயே இருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் எரிச்சல். வரைபடத்தில் ஆறு என்றால் ஒரு நீலக்கோடு. நம்ம நொய்யலுக்கு அது போதும்; தண்ணீர் வந்தாலும் சாயம் வந்தாலும் கரை அங்கேயேதான் இருக்கும். பனிப்பாறை உருகி வரும் ஆறு அப்படியில்லை. சரளையை அள்ளி வந்து கொட்டி, பல கிளையாகப் பிரிந்து, அடுத்த கோடையில் வேறு பக்கம் ஓடும். முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன், கருவியோ நான் கரையில் நிற்பதாகக் காட்டுகிறது. எத்தனை மணிக்கு இறங்கலாம் என்பதும் அதற்குத் தெரியாது. விடிகாலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை, மேலே வெயில் பட்டு உருகியதும் சாயங்காலம் இடுப்புக்கு வந்துவிடும். பாறையை அரைத்த மாவு கலந்த வெள்ளைத் தண்ணீர், ஆழம் கண்ணுக்குத் தெரியாது. மூட்டை சுமக்கக் கூட வரும் உள்ளூர்க் குதிரைக்காரர் ஒரு பார்வையில் சொல்வதை இவ்வளவு காசு போட்ட கருவி சொல்வதில்லை.

சரி, பழியெல்லாம் கருவிக்கில்லை. நான் ஏற்றியிருக்கும் இலவச வரைபடத்தின் உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைப்பவை) 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் ரேடாரில் அளந்த தரவிலிருந்து வந்தவை. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அதைவிடக் குறுகிய பள்ளம் அதில் சிக்காது. பனிப்பாறை மேல் போகும் கோடு அன்றைய பனியின் உயரம். உருகிப்போன இடத்தில் இன்று அது வெறும் பழங்கணக்கு.

ஆனால் ஊர்ப்பக்கம் அதே கோடுகள் என்னை மயக்கிவிட்டன. சர்க்கார்பதியிலிருந்து திருமூர்த்தி அணைக்குப் போகும் காண்டூர் கால்வாயைத் திரையில் பாருங்கள். மலை உள்ளே மடங்கினால் தானும் மடங்கி, வெளியே வந்தால் தானும் வந்து, பெரும்பாலும் ஒரே உயரக் கோட்டை ஒட்டியே போகிறது. இது கொண்டுவரும் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் பாயும் தோட்டங்களை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன், அந்த வேலையின் நுணுக்கம் இதில்தான் புரிந்தது. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டில் திட்டு விழும்.

பேட்டரி செல் மாற்றிப் போடலாம் என்பது நல்ல விஷயம். குளிரில் போன் சார்ஜ் இறங்கும்போது அருமை தெரியும்.

ஜான்ஸ்கருக்கென்றால் வாங்காதே மாப்ளே. அந்தக் காசைக் குதிரைக்காரருக்குக் கொடு, விடியும் முன் ஆற்றைக் கடந்துவிடு. என்னுடையதை இரவல் கேட்காதே, தரமாட்டேன்.