16 ஸ்பீக்கர், ஒரே கடிகாரம்: மலைமேல் ஒலி நிறுவலுக்கு எந்தக் கணினி, எந்த இயங்குதளம்?

கோத்தகிரிப் பக்கம் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் மேல்மாடியில், முன்பு இலை வாட்டிய நீண்ட தொட்டிகளுக்கு நடுவே 16 ஸ்பீக்கர்களை நிறுத்தி, சோலைக்காட்டில் பதிவுசெய்த ஒலிகளோடு பார்வையாளரின் குரலையும் கலந்து அறை முழுவதும் நகரவிடும் நிறுவல் ஒன்றுக்குக் கணினி தேர்ந்துதரும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்காகப் பல வழிகளை எடைபோட்டதன் விளைவே இந்த ஒப்பீடு.

முதலில் தெளிவாக வேண்டியது, நிறுவல் ஒலிக்க மட்டும் செய்கிறதா, கேட்கவும் செய்கிறதா என்பது. பதிவை மட்டும் ஒலிக்கும் நிறுவலில் பஃபரை (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைக்கும் ஒலித்துண்டு) 1,024 ஃபிரேம், அதாவது அத்தனை கணங்களின் ஒலி மாதிரிகள், வைத்தாலும் எவருக்கும் தெரியாது. மைக்கில் வாங்கிய குரலை உடனே திருப்பித் தருவதென்றால்தான் தாமதம் கணக்கில் வருகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 64 ஃபிரேம் என்பது 1.3 மில்லிநொடி, 256 ஃபிரேம் என்பது 5.3 மில்லிநொடி, உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்து இது இரட்டிக்கும், அதன்மேல் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வெர்ட்டரின் பங்கும் கூடும். ஆனால் காற்றில் ஒலி ஒரு மீட்டரைக் கடக்கவே ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகும். ஸ்பீக்கரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 9 மில்லிநொடி காற்றிலேயே போய்விடும்போது, கணினியில் ஒரு மில்லிநொடியைக் குறைக்க இரவெல்லாம் விழித்திருப்பது பெரும்பாலும் வீண். (மலை உயரத்தால் ஒலியின் வேகம் மாறிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள், மாற்றுவது உயரமல்ல, குளிர். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் போகும் ஒலி, 10 டிகிரியில் சுமார் 337 மீட்டர் போகும்.)

விண்டோஸைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த, ஒலிக்கருவியோடு மென்பொருளை நேராகப் பேசவிடும் ஏசியோ டிரைவர் இருந்தால் குறைந்த தாமதம் கிடைக்கும். ஸ்டுடியோவில் அது போதும். ஆளில்லாமல் மாதக்கணக்கில் ஓட வேண்டிய இடத்திலோ, தானாகப் புதுப்பித்துக்கொண்டு மறுதொடக்கம் கேட்கும் பழக்கமும், வைஃபை டிரைவர் ஒன்று பிராசஸரைச் சற்றே பிடித்துவைத்தாலும் ‘டிக்’ என்று ஒலி விடுபடும் குணமும் என்னை ஒதுங்கவைத்தன.

ஆப்பிளின் சிறு கணினியான மேக் மினி அப்படி ஒதுக்கத்தக்கதன்று. அதன் ஒலி அடித்தளமான கோர் ஆடியோ பல சானல்களைச் சிரமமின்றிக் கையாளுகிறது. இரண்டு இன்டர்ஃபேஸ்களை (மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் பெட்டிகள்) ஒன்றாகக் காட்டி, அவற்றிடையே வரும் நேர விலகலைத் திருத்தும் வசதியும் அதிலேயே உண்டு. மின்சாரம் போய்த் திரும்பினால் தானே எழும் அமைப்பும் உண்டு. கலைஞர் மேக்ஸ் என்ற ஒலி நிரலாக்க மென்பொருளில் படைப்பை எழுதியிருந்தால் பேச்சே வேண்டாம், மேக்தான் வாங்க வேண்டும், ஏனெனில் லினக்ஸில் மேக்ஸ் ஓடாது. அதே வகையான ப்யூர் டேட்டாவிலோ சூப்பர்கொலைடரிலோ எழுதியிருந்தால் எந்த இயங்குதளத்தையும் தேர்ந்துகொள்ளலாம். எங்கள் படைப்பு சூப்பர்கொலைடரில் இருந்தது.

லினக்ஸின் பலம், வேண்டாததை எல்லாம் கழற்றிவிட முடிவதுதான். இருபது ஆண்டுக்குமேல் தனி ஒட்டாக (பேட்ச்) வளர்ந்த, வேலைகளைக் குறித்த நேரத்துக்குள் நடத்தவைக்கும் பிரீஎம்ட்-ஆர்டி, 2024 நவம்பரில் வெளியான 6.12 கெர்னலில் (லினக்ஸின் மையக்கரு) மூலத்தோடேயே சேர்ந்துவிட்டது. அதற்காக எல்லோரும் உடனே அதற்கு மாற வேண்டியதில்லை: 128 ஃபிரேமுக்கு மேல் போகும் வேலைக்குச் சாதாரணக் கெர்னலே, ஆடியோ நிரலுக்கு நிகழ்நேர முன்னுரிமையும் பிராசஸர் வேகத்தை இறங்கவிடாத அமைப்பும் கொடுத்துவிட்டால், என் அனுபவத்தில் போதுமானதாக இருந்தது. குறை, கருவித் தேர்வில் வருகிறது. தயாரிப்பாளரின் டிரைவரைக் கேட்கும் இன்டர்ஃபேஸ் லினக்ஸில் பெரும்பாலும் பயன்படாது. தனி டிரைவர் கேட்காத கிளாஸ் கம்ப்ளையன்ட் வகையாகப் பார்த்தே வாங்க வேண்டும்.

வன்பொருளில் ராஸ்பெரி பை என்ற ஒற்றைப் பலகைக் கணினியின் விலை ஈர்க்கிறது. பை 3-இல் ஈதர்நெட்டும் யூஎஸ்பியும் ஒரே பாதையைப் பங்கிட்டன. 2019-இல் வந்த பை 4-இலிருந்து அந்த நெருக்கடி இல்லை, 16 சானல் வெளியீட்டை அது தாங்கும். எனினும் எஸ்டி கார்டிலிருந்து ஓடும்போது திடீர் மின்வெட்டு அதற்கு எமன். ஒத்திகையின் நான்காம் நாள், மழையில் மூன்று முறை மின்சாரம் போய் வந்ததில் எங்கள் கார்டு எழவே மறுத்தது. கார்டைப் படிக்க மட்டும் அனுமதித்து, எழுதுவதை எல்லாம் நினைவகத்தில் வைக்கும் ஓவர்லே அமைப்பை முன்பே இயக்கியிருக்க வேண்டும். அது என் கவனக்குறைவு. பீகிள்போன் பிளாக் என்ற இன்னொரு சிறு கணினியின் மேல் அமைந்த பேலா பலகை ஒரு மில்லிநொடிக்கும் குறைந்த தாமதம் தருவது உண்மைதான், ஆனால் அடிப்படைப் பலகையில் இரண்டே ஆடியோ வெளியீடுகள். தொட்டால் ஒலிக்கும் சிற்பத்துக்கு அது பொருந்தும், எங்கள் மாடிக்கு அன்று.

சானல் எண்ணிக்கையைக் கூட்ட இரண்டு மலிவான யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் வாங்கலாம் என்ற யோசனையை நான் உறுதியாக மறுத்தேன். ஒவ்வொன்றுக்கும் மாதிரிகளின் வேகத்தை நிர்ணயிக்கும் தனிக் கடிகாரம். அவற்றிடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே நொடிக்கு 2.4 மாதிரிகள் விலகி, எட்டு மணி நேரத்தில் ஒன்றரை நொடியளவு பிசகும். மழையின் ஒலி அறையைச் சுற்றுவதற்குப் பதிலாக இரண்டாகப் பிளந்து கேட்கும். மென்பொருளால் திருத்தலாம், தாமதம் கூடும். எட்டு அனலாக் வெளியீடுள்ள ஒரே இன்டர்ஃபேஸில், எட்டு சானல் கடத்தும் ஏடேட் ஒளியிழை வழியே இன்னொரு கன்வெர்ட்டரை மாட்டி, அதை முதலாவதன் கடிகாரத்துக்கு அடிமையாக்குவதே நேரான வழி.

இறுதியில் மின்விசிறியில்லாத, 12 வோல்ட்டில் ஓடும் இன்டெல் மினி பிசி ஒன்றில் லினக்ஸை நிறுவினோம். இடையே ஒரு சிறு பேட்டரி, பயாஸில் (கணினியின் தொடக்க நிரல்) மின்சாரம் வந்ததும் தானே எழும் அமைப்பு, 128 ஃபிரேம் பஃபர். வேகத்தில் மேக் மினியே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எங்கள் கவலை வேகமன்று, ஈரம்: ஜன்னல் இடுக்கில் மூடுபனி நுழையும் அந்த மாடியில் இரவில் அணைத்துவைத்த கருவிகளின் இணைப்பிகளில் காலையில் ஈரம் பூத்திருந்தது. ஆகவே ஆம்ப்ளிஃபயர்களை மட்டும் அணைத்துவிட்டு, கணினியையும் இன்டர்ஃபேஸையும் ஒரே மூடிய பெட்டிக்குள் வைத்து, அவற்றின் சொந்தச் சூட்டிலேயே உலர்ந்திருக்கும்படி இரவும் ஓடவிடுகிறோம்.