குழு வகுப்பா, தனிப் பயிற்சியா: இரண்டையும் செய்து பார்த்த பின் ஓர் ஒப்பீடு

ஆறு ஆண்டுகள், வாரம் மூன்று நாள், குழு வகுப்புக்குச் சென்று யோகா செய்தேன். அதன்பின் நான்கு ஆண்டுகளாக வீட்டிலேயே நாள்தோறும் தனியாகச் செய்து, மாதம் இருமுறை மட்டும் ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்கிறேன். மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதும் இந்த நான்கு ஆண்டுகளில்தான். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு ஓரிரு வரிகளில் பதில் சொல்லிவந்தேன். அது போதாது என்று உணர்ந்ததால் இதை எழுதுகிறேன். என் மனம் தனிப் பயிற்சியின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

குழு வகுப்பு என்று நான் சொல்வது, குறித்த நேரத்தில் பலர் கூடி, ஆசிரியர் குரல் கொடுக்க, அனைவரும் ஒரே வரிசையில் ஆசனங்களைச் செய்வது. தனிப் பயிற்சி என்பது, தனக்கென அமைந்த ஒரு வரிசையை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, தன் மூச்சின் வேகத்தில், யாருடைய குரலும் இல்லாமல் செய்வது. காணொளியைப் பார்த்து வீட்டில் செய்வதை நான் தனிப் பயிற்சியில் சேர்ப்பதில்லை. இடம் மாறினாலும் அங்கேயும் நாம் பிறர் குரலைத்தான் பின்தொடர்கிறோம்.

இவற்றில் ஒன்று பழைய முறை, மற்றது புதிய முறை என்று பலர் எண்ணுவது சரியல்ல. இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் ஆசனப் பயிற்சியின் பெரும்பகுதிக்கு ஊற்றான திருமலை கிருஷ்ணமாச்சார்யா (1888–1989) இரண்டு வகையிலும் கற்பித்தவர். 1930-களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் சிறுவர்களுக்குக் கூட்டமாகக் கற்பித்தார். பிற்காலத்தில் சென்னையில் குடியேறிய பிறகு, வருபவரின் வயதுக்கும் உடலுக்கும் ஏற்பத் தனித்தனியாகக் கற்பித்தார். அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ் வழியாகப் பரவிய மைசூர் முறை, இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது: எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தாம் அறிந்த அளவுக்குத் தம் மூச்சின் போக்கில் செய்வார்கள், ஆசிரியர் ஒருவர் விட்டு ஒருவராகச் சென்று திருத்துவார்.

செலவு, பயண நேரம், துணை ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வகுப்புக்குக் கட்டணமும் பயணமும் உண்டு. பதிலாக நாலு பேரோடு சேர்ந்து செய்யும் உற்சாகம் கிடைக்கிறது. வீட்டில் ஒரு விரிப்பும் கை கால் நீட்ட இடமும் போதும். ஆனால் எழுந்து வா என்று அழைக்க ஆளில்லை.

முதல் ஆண்டைப் பொறுத்தவரை குழு வகுப்பே மேலானது. இதில் எனக்கு ஐயமே இல்லை. காரணம், நம் உடலின் நிலையை நாமே அறிவது தொடக்கத்தில் மிகக் கடினம். கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் என் முதுகு நேராக நீண்டிருக்கிறது என்று பல மாதங்கள் நம்பியிருந்தேன். ஆசிரியர் என் இடுப்பின் அடியில் மடித்த போர்வையை வைத்து, முழங்கால்களைச் சற்று மடக்கச் சொன்ன பிறகுதான், அதுவரை இடுப்பு அசையாமல் கீழ்முதுகு மட்டும் வில்லாக வளைந்துகொண்டிருந்தது தெரிந்தது. கால்களை அகட்டி நின்று பக்கவாட்டில் சாயும் திரிகோணாசனத்தில் முழங்காலைப் பின்னோக்கித் தள்ளிப் பூட்டிவிடுவது, முழங்கைகளை மடக்கி உடலைத் தரைக்கு இணையாகப் பலகைபோல் நிறுத்தும் சதுரங்க தண்டாசனத்தில் தோள்கள் முழங்கைகளைவிடக் கீழே இறங்கிவிடுவது ஆகியவையும் இப்படித்தான். செய்பவருக்குச் சரியாகவே தோன்றும், பக்கத்தில் நிற்பவருக்குத்தான் பிழை தெரியும். தொடக்கத்திலேயே தனியாகச் செய்யப் புகுந்தவர்கள் இத்தகைய பிழைகளை நாள்தோறும் செய்து உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள், பின்னர் அவற்றை நீக்குவது புதிதாகக் கற்பதைவிடக் கடினமாகிறது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: பயிற்சி அறுந்துபோகும் நாட்களில் என்ன ஆகிறது என்பதே அது. பயிற்சியை எப்படித் தொடங்குவது என்று எல்லோரும் பேசுகிறார்கள். விட்டுப்போனதை எப்படி மீண்டும் பிடிப்பது என்று பேசுபவர்கள் குறைவு. நீண்ட காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யும் பயிற்சியே உறுதியாக நிலைகொள்ளும் என்று பதஞ்சலியின் யோக சூத்திரம் முதல் பாதத்தின் (பகுதியின்) 14-வது சூத்திரத்தில் சொல்கிறது. இம்மூன்றில் மிகக் கடினமானது இடைவிடாமை. வேலை, காய்ச்சல், குழந்தையின் தேர்வு, பெற்றோரின் மருத்துவமனை நாட்கள் என்று வாழ்க்கை இடைவெளிகளை உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கும்.

வகுப்புக்குச் சென்ற ஆண்டுகளில் எனக்கு நடந்தது இது. ஒரு மணி நேரம் முழுமையாகக் கிடைத்தால் யோகா, இல்லையென்றால் அன்று எதுவும் இல்லை. ஒரு வகுப்பைத் தவறவிட்டால் அடுத்த வகுப்புவரை இரண்டு மூன்று நாட்கள் தாமாகக் கழிந்துவிடும். அதுவும் தவறினால் ஒரு வாரம் போய்விடும். ஒருமுறை வீட்டில் நோய்வாய்ப்பட்டவரைக் கவனிக்க வேண்டியிருந்ததால் ஏழு வாரங்கள் போகவில்லை. திரும்பச் சென்ற முதல் நாளில் வகுப்பு வழக்கமான வேகத்தில் நடந்தது, நானும் பழைய நினைவில் அனைவரோடும் சேர்ந்து முன்னால் குனிந்தேன். அன்றிரவே தொடையின் பின்புறத் தசை இடுப்பு எலும்பில் சேரும் இடத்தில் வலி தொடங்கியது. உட்காரும்போதெல்லாம் உறுத்திய அந்த வலி முற்றிலும் நீங்கப் பல மாதங்கள் ஆயின. ஆசிரியரை இதற்குக் குறைசொல்ல மாட்டேன். இருபது பேருக்கு ஒரே வரிசையைச் சொல்பவர், அதில் ஒருவர் ஏழு வாரம் கழித்து வந்திருக்கிறார் என்பதற்காக வகுப்பையே மாற்ற முடியாது. ஆசனத்தின் வடிவம் மனத்தில் அப்படியே இருக்கும், ஆனால் தசையும் தசையை எலும்போடு இணைக்கும், அதைவிட மெதுவாகத் தேறும் தசைநாணும் அந்த இடைவெளியில் பின்தங்கியிருக்கும். குழு வகுப்பில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை.

தனிப் பயிற்சியின் பெரிய வலிமை, அது சுருங்கவும் விரியவும் கூடியது என்பதே. என் வரிசைக்கு மூன்று அளவுகள் உண்டு: ஐம்பது நிமிடம், இருபத்தைந்து நிமிடம், பத்து நிமிடம். மூன்றும் ஒரே எலும்புக்கூட்டின் மேல் அமைந்தவை. நின்று கைகளை உயர்த்தி மூச்சோடு அசைவது, முன்னால் குனிவது, முறுக்குவது, பின்னால் வளைவது, படுத்து ஓய்வது, உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது என்பதே அந்த எலும்புக்கூடு. நேரம் குறையும்போது நடுவில் உள்ள ஆசனங்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்கிறேன். தொடக்கத்தையும் முடிவையும் தொடுவதில்லை. பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள்: நேரமில்லை என்று சவாசனத்தையும் பிராணாயாமத்தையும் விட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடமே கிடைக்கும் நாளிலும் இறுதி மூன்று நிமிடங்களை மூச்சுக்கு வைத்துக்கொண்டால், அது துண்டிக்கப்பட்ட பயிற்சியாகத் தோன்றாமல் முழுமையான சிறு பயிற்சியாக நிற்கிறது. காய்ச்சல் நாட்களில் ஆசனம் எதுவும் செய்யாமல், படுத்தபடியே மூச்சை வலிந்து அடக்காமல், வெளிவிடும் மூச்சை மட்டும் சற்று நீட்டுகிறேன். இதையும் பயிற்சியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப் பழகியபின், எனக்குள் இருந்த "இன்று விட்டுப்போயிற்று" என்ற எண்ணமே குறைந்துவிட்டது.

நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பும்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். எத்தனை நாள் விட்டேனோ அதில் பாதி நாட்களுக்கு, வழக்கமான அளவில் பாதியைத்தான் செய்வேன். பின்னால் வளைவதிலும் தலைகீழ் ஆசனங்களிலும் எளிய மாற்றுகளோடு நின்றுவிடுவேன். தோள்களின் மேல் உடலை நிறுத்தும் சர்வாங்காசனத்துக்குப் பதிலாகச் சுவரில் கால்களைச் சாய்த்துப் படுத்துக்கொள்வது அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இது எங்கும் படித்த விதி இல்லை, என் உடலில் கண்டது மட்டுமே. ஆயினும் இந்த நான்கு ஆண்டுகளில் மூன்று நீண்ட இடைவெளிகள் வந்தும், ஒருமுறைகூடக் காயத்தோடு திரும்பவில்லை.

தனிப் பயிற்சிக்கென்று ஒரு நோய் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. பிடித்ததையே திரும்பத் திரும்பச் செய்து, பிடிக்காததை நம்மை அறியாமல் கைவிட்டுவிடுவோம். தனியாகத் தொடங்கிய முதல் ஆண்டில் நான் குப்புறப் படுத்துப் பின்னால் வளையும் தனுராசனத்தையும் சலபாசனத்தையும் மெல்ல மெல்ல விட்டிருந்தேன். ஆசிரியர் என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்லும்வரை அது எனக்கே தெரியாது. ஆகவே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேறொருவரின் கண் படாத தனிப் பயிற்சியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நாள்தோறும் செய்ததைச் சிறு கோட்டோவியங்களாக வரைந்து வைப்பதும் பெரிதும் உதவுகிறது. ஒவ்வோர் ஆசனத்துக்கும் ஒரு குச்சி மனிதன், பக்கத்தில் மூச்சின் எண்ணிக்கை, அவ்வளவுதான்.

கற்பிக்கத் தொடங்கியபோது இந்த ஒப்பீடு எனக்கு இன்னும் கூர்மையாயிற்று. முதல் சில மாதங்கள், வகுப்பில் செய்து காட்டுவதையே என் பயிற்சியாக எண்ணிக்கொண்டேன். அது பயிற்சி இல்லை என்பது மெதுவாகத்தான் புரிந்தது. செய்து காட்டும்போது உடல் சூடாகியிருக்காது, பேசிக்கொண்டே செய்வதால் மூச்சு ஒழுங்காக ஓடாது, கவனம் முழுவதும் எதிரில் இருப்பவர்மேல் இருக்கும். இன்னொன்று, ஆசிரியர் பெரும்பாலும் ஒரே பக்கத்தைத்தான் செய்து காட்டுவார். மறுபக்கத்தை மாணவர்கள் செய்யும்போது அவர் எழுந்து திருத்தப் போய்விடுவார். நான் எப்போதும் வலப்பக்கத்தையே காட்டிவந்ததால், சில மாதங்களில் முறுக்கு ஆசனங்களில் என் இருபக்கமும் வெவ்வேறாக நடந்துகொள்ளத் தொடங்கின. இப்போது கூடிய மட்டும் வாயால் சொல்லியும் மாணவர் ஒருவரையே செய்யச் சொல்லியும் கற்பிக்கிறேன். என் பயிற்சி அதற்கு முன்பே, தனி நேரத்தில் முடிந்திருக்கும். ஆசிரியப் பயிற்சிகள் பல 200 மணி நேரம் என்ற அளவில் அமைந்துள்ளன. நாள்தோறும் அரை மணி நேரம் தனியாகச் செய்பவர் 400 நாட்களில் அதே 200 மணி நேரத்தைத் தன் விரிப்பின் மேல் கழித்திருப்பார். ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாதவருக்கு, சோர்ந்துபோன மாணவர் ஒருவர் எதிரில் வந்து நிற்கும்போது எதைக் குறைப்பது என்பது கையோடு தெரிவதில்லை.

என் சிறு வகுப்பையும் இப்போது மைசூர் முறைக்கு நெருக்கமாக மாற்றியிருக்கிறேன். எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், அவரவர் வரிசையை அவரவர் செய்வார்கள். யார் எதில் இருக்கிறார், யாருக்கு எந்தத் தோளில் வலி என்பதையெல்லாம் நான் நினைவில் வைத்திருக்க வேண்டும். எட்டுக்கு மேல் என்னால் முடியவில்லை. புதியவர்களுக்கு அந்த அமைதி முதல் சில வாரங்கள் தடுமாற்றத்தைத் தருகிறது என்பதும் உண்மை. குரல் கொடுத்து நடத்தும் வகுப்பில் இருபது பேருக்குக் கற்பிக்கலாம், அதில் ஒரு கூட்டு உற்சாகமும் இருக்கிறது. இருப்பினும் ஒரு மாதம் வராமல் போன மாணவர் கூச்சமின்றித் திரும்பி வந்து, தன் வரிசையின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வதைப் பார்க்கும்போது, இந்த உழைப்பு தகும் என்று உணர்கிறேன்.

நேரலைக் காணொளி வகுப்பை நான் சில மாதங்கள் மட்டுமே நடத்தியிருக்கிறேன், ஆகவே உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே நேரில் பழகிய மாணவருக்கு அது பயன்பட்டது; புதியவரின் இடுப்பும் கீழ்முதுகும் என்ன செய்கின்றன என்பதைச் சிறு திரையில் என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை. கருவுற்றிருப்பவர்களுக்குக் கற்பித்த அனுபவமும் எனக்குக் குறைவு, அவர்களை அதில் தேர்ந்த ஆசிரியரிடமே அனுப்பிவிடுகிறேன். கண் அழுத்த நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், முதுகெலும்புத் தட்டுச் சிக்கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த முறையையும் தொடங்கக் கூடாது. குறிப்பாகத் தலைகீழ் ஆசனங்கள் கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்துபவை. கண் அழுத்த நோய் உள்ளவர் அவற்றை வீட்டில் தனியாக முயலவே வேண்டாம்.

வகுப்பிலிருந்து தனிப் பயிற்சிக்கு மாற விரும்புபவர்கள் ஒரே நாளில் வகுப்பை விட்டுவிட வேண்டியதில்லை. ஆறு மாதங்களுக்கு வாரம் இருமுறை வகுப்பைத் தொடர்ந்தபடி, மற்ற நாட்களில் கடைசி வகுப்பில் செய்தவற்றுள் நினைவில் இருப்பதை மட்டும், காணொளி எதுவும் இல்லாமல், வீட்டில் செய்து பாருங்கள். முதலில் நாலைந்து ஆசனங்களுக்குமேல் நினைவுக்கு வராது, அது போதும். மறந்ததை அடுத்த வகுப்பில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் மாணவர்கள் இரண்டாம் மாத முடிவில் தங்கள் வரிசையை ஒரே பக்கத்தில் வரைந்து கொண்டுவருவார்கள். நான் அதில் இரண்டு இடங்களுக்குமேல் மாற்றுவதில்லை, மீதியை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன்.